மூன்றாவது வீடு

பேய்க்கு மணி பார்க்கத் தெரியும் என்று அம்மையப்பன் அதுவரை நினைத்ததில்லை. ஓமானில் சோஹார் துறைமுகத்தில் நடமாடிய பேய்க்கு மதிய ஓய்வுச் சட்டம்கூட அத்துபடியாக இருந்தது. ஜூன் தொடங்கி ஆகஸ்ட் முடியும்வரை, பன்னிரண்டரைக்குச் சைரன் ஊதிவிட்டால் வெயிலில் ஒருவனும் நிற்கக் கூடாது. ஆட்கள் எல்லோரும் தகரக் கூரை போட்ட ரெஸ்ட் ஷெட்டுக்குள் வந்து, அட்டையை விரித்து, கையைத் தலைக்குக் கொடுத்துப் படுப்பார்கள். பத்து நிமிடத்தில் குறட்டை கிளம்பும். அதற்குப் பிறகு கூரைமேல் காலடி கேட்கும்.

டொம், டொம், டொம். சேஃப்டி ஷூ போட்ட கால். கிழக்கு ஓரத்தில் ஆரம்பித்து, அம்மையப்பன் படுத்திருக்கும் இடத்துக்கு நேர் மேலே வந்து நிற்கும். பிறகு யாரோ உட்கார்ந்ததுபோல் தகரம் ஒருமுறை நெளியும். மூன்றரைச் சைரன் ஊதியதும் எழுந்து போய்விடும்.

தகரம் வெயிலில் விரிந்தால் சத்தம் வரத்தானே செய்யும் என்று புத்திசாலிகள் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். எந்தத் தகரமும் இடது காலை இழுத்து இழுத்து நடக்காது. விஜயபாஸ்கர் அப்படித்தான் நடப்பான். அவன் அம்மையப்பனின் ஒரே தம்பி. ஏப்ரல் மூன்றாம் தேதி, கிரேன் தூக்கிய இரும்புக் குழாய்க் கட்டு அவிழ்ந்து விழுந்ததில், அண்ணன் கண்முன்னால் செத்துப்போனவன்.

குறட்டை விடுகிற நாற்பது பேரில் ஒருவனுக்கும் அந்தக் காலடி கேட்கவில்லை. கேட்க வேண்டியவனுக்குக் கேட்டது.

அன்றைக்கு கிரேன் ஓட்டியவன் மீராசா. தொண்டிக்காரன், முப்பத்தெட்டு வயது, அதிர்ந்து பேசத் தெரியாதவன். ஆள் நிற்கிற பக்கம் சுமையைத் திருப்பினான், வெடுக்கென்று இழுத்தான் என்று விசாரணையில் எழுதினார்கள். பிடித்துக்கொண்டு போய் உள்ளே போட்டார்கள். செத்தவனின் வாரிசுகள் மன்னித்தோம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் சீக்கிரம் வெளியே வரலாம், இல்லாவிட்டால் காலம் போகிறபடி போகும் என்று வக்கீல் சொன்னார். வாரிசு என்றால் விஜயபாஸ்கரின் மனைவி கனகா. ஆலங்குடிப் பக்கத்திலிருந்து அவள் எப்படி வருவாள்? அம்மையப்பன் பேருக்குப் பவர் எழுதி அனுப்பிவிட்டாள். அனுப்பிய அன்றே போனும் போட்டாள்.

"மாமா, பவரு உங்க பேருக்கு எழுதுனது கையெழுத்துப் போடுறதுக்கு இல்ல. போடாம இருக்கறதுக்கு. எவன் வந்து கெஞ்சுனாலும் போடக் கூடாது. என் புருசன் மண்ணுக்குள்ள கெடக்கான், அவன் மட்டும் ஊரு வந்து சேரலாமா?"

"சரி ஆயி," என்றான் அம்மையப்பன்.

அந்த ஒரு வார்த்தைதான் அவனுக்கு வந்தது. ஏன் வேறு வார்த்தை வரவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன், மூடி வைத்து என்ன ஆகப் போகிறது?

சுமை கட்டுகிற பெல்ட்டுகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை சோதனை போடுவார்கள். தேறிய பெல்ட்டில் அந்தப் பருவத்தின் நிறத்தில் டேப் சுற்றுவார்கள். மார்ச் வரைக்கும் பச்சை. ஏப்ரலிலிருந்து மஞ்சள். மஞ்சள் இல்லாத பெல்ட்டைக் கொக்கியில் மாட்டக் கூடாது. கட்டுகிற வேலைக்கு அம்மையப்பன்தான் மேஸ்திரி. இருபத்திரண்டு வருட அனுபவம், புது ஆட்களின் கண்ணில் விரலை விட்டு ஆட்டுகிறவன்.

ஏப்ரல் மூன்றாம் தேதி கப்பல் காத்துக்கொண்டிருந்தது. மஞ்சள் டேப் பெல்ட்டெல்லாம் ஸ்டோருக்குள் இருந்தது, ஸ்டோர்காரன் கௌஸ் முகம்மது சாவியோடு தொழுகைக்குப் போயிருந்தான். மேலேயிருந்து "ஜல்தி, ஜல்தி" என்று வயர்லெஸ் கத்தியது. கையிலிருந்தது ஒரு பழைய பச்சை டேப் பெல்ட். ஓரத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு வெட்டு. அம்மையப்பன் அதைப் பார்த்தான். பார்க்கவில்லை என்று அவன் இன்றுவரை தனக்குள்ளேகூடச் சொல்லிக்கொண்டதில்லை. பச்சையைக் கிழித்துவிட்டு, சட்டைப்பையிலிருந்த மஞ்சள் டேப்பை எடுத்து இரண்டு சுற்று சுற்றினான். ஒரு தூக்குதானே, தாங்கும். அந்தத் துறைமுகத்தில் இதைச் செய்யாத மேஸ்திரி யார்?

குழாய்கள் தலைக்கு மேலே போனபோது பெல்ட் வெட்டிலிருந்து பிய்ந்தது. சுமை ஆடாமல் கீழே நின்று கயிறு பிடித்திருந்த விஜயபாஸ்கர் அண்ணாந்து பார்த்தான். அவ்வளவுதான். எல்லோரும் அலறிக்கொண்டு அவனிடம் ஓடினார்கள். அம்மையப்பனும் ஓடினான். ஆனால் ஓடுகிற வழியில், பிய்ந்து கிடந்த பெல்ட்டைக் காலால் ஒரு தள்ளு தள்ளினான். அது கப்பல் கட்டுகிற பெர்த் ஓரத்திலிருந்து கடலுக்குள் விழுந்தது. தம்பியின் உயிர் போய்க்கொண்டிருந்த நேரத்தில் அந்தக் கால் எப்படித்தான் அந்த வேலையைச் செய்ததோ! தூக்கிலே போட வேண்டியது அந்தக் காலை.

பெல்ட் கடலோடு போனதால், இழுத்த இழுப்பில் கட்டு நழுவி அவிழ்ந்தது என்று எழுதிவிட்டார்கள், விசாரணையில் பெல்ட்டைப் பற்றிப் பேச்சே இல்லை. மிஞ்சியது கிரேன்காரன் கை.

ஜூன் கடைசியில், அதே ரூமில் இருக்கிற சேதுமாதவன் லீவு முடிந்து வந்தான். ஊரிலிருந்து வருகிறவன் ரூமில் உள்ள ஆளுக்கெல்லாம் பார்சல் தூக்கி வருவது வழக்கம். அம்மையப்பனுக்கும் ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. நார்த்தங்காய் ஊறுகாய், இட்லிப்பொடி, நெத்திலிக் கருவாடு. ரூமே கூடி நின்று வாசம் பிடித்தது. எல்லாவற்றுக்கும் அடியில் தினத்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம். மிக்சராக இருக்கும் என்று சேதுமாதவனே பிரித்தான். பிரித்த கையை உதறிக்கொண்டு பின்னால் போனான்.

உள்ளே விஜயபாஸ்கரின் டூட்டிச் சட்டை. காலரில் மார்க்கரால் எழுதிய அவன் நம்பர். ஆஸ்பத்திரியில் உடம்போடு சேர்த்துப் பையில் கட்டிக் கொடுத்தது. நெஞ்சிலிருந்து கீழ்வரை ரத்தம் காய்ந்து துருவேறின தகரமாக நின்றது. மடித்த மடிப்பு விரிக்க வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் கனகாவின் குரல் போனில் வந்தது. "தொவைக்கல மாமா. நீங்களும் தொவச்சுறாதீங்க. உங்க பெட்டுக்கு மேல மாட்டி வெய்யிங்க. கையெழுத்துப் போடணும்னு கை போறப்ப அதப் பாருங்க."

அவன் மாட்டினான். வேறென்ன செய்வான்? அன்றைக்கு ஊறுகாயை ஒருவரும் தொடவில்லை.

இன்னொரு பக்கம் மீராசாவின் மனைவி நஜீஹா. தொண்டியிலிருந்து நாள் தவறாமல் குரல் பதிவு அனுப்புவாள். "அண்ணே, அவருக்கு சுகர் இருக்கு. கால்ல புண்ணு வந்து ஆறலையாம். அல்லாவுக்காக ஒரு கையெழுத்துப் போடுங்கண்ணே. உங்க தம்பி சம்சாரத்துக்கிட்டயும் பேசுனேன். கால்ல விழுறேன்னு சொன்னேன். போனை வெச்சுட்டாங்க." அம்மையப்பன் கேட்பான். இரண்டாம் தடவையும் கேட்பான். பதில் அனுப்பமாட்டான்.

ஜூலை நடுவில் ஒருநாள் சிறைக்குப் போனான். ஏன் போனான் என்று அவனுக்கே தெரியாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மீராசா கெந்திக்கெந்தி வந்து உட்கார்ந்தான். வலது காலில் பெரிய கட்டு. பாதி ஆளாக வற்றியிருந்தான். எதிரில் யார் என்று பார்த்ததும் முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தான்.

"அண்ணே, என் கைதாண்ணே. எப்புடி இழுத்தேன்னு எனக்கே தெரியல. மெதுவாத்தான் இழுத்தேன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். அம்புட்டு பேரும் வெடுக்குனு இழுத்தேங்குறாங்க, அப்ப இழுத்துத்தான இருப்பேன்? பாஸ்கரு எனக்குத் தம்பி மாதிரிண்ணே. நோன்புக்கு நான் கஞ்சி எடுத்து வெச்சிருந்தா வந்து குடிப்பான். மன்னிக்க வேணாம். நீங்க வந்து பாத்ததே போதும்."

இப்போது சொல்லு, இப்போது சொல்லு என்று அம்மையப்பனின் நெஞ்சு அடித்துக்கொண்டது. "கால பாத்துக்க மீராசா," என்று மட்டும் சொன்னான். சொல்லிவிட்டு எழுந்தான். பவர் பத்திரம் அன்று அவன் பையிலேயே இருந்தது. கையெழுத்தையாவது போட்டிருக்கலாம். போட்டால் ஏன் போட்டாய் என்று கனகா கேட்பாள். கேட்டால் சொல்ல வேண்டும். ஒன்றைத் தொட்டால் எல்லாம் சரிந்துவிழும் என்று எதையுமே தொடாமல் வந்தான்.

மறுநாள் கூரைமேல் காலடி கனமாக இருந்தது. உட்கார்ந்தபோது தகரம் ஒரு சாண் இறங்கியது.

அந்தச் சமயத்தில் துறைமுகத்தில் புதிய கிரேன் பொருத்த நார்வேயிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்திருந்தார். ஒலாவ் என்று பேர். அறுபது வயது, தேகமெல்லாம் செம்பட்டை முடி, வெயிலில் வெந்த இறால் நிறம். ஆபீசில் ஏசி இருக்க, இந்த மனிதர் மட்டும் ரெஸ்ட் ஷெட்டில் ஆட்களோடு வந்து உட்காருவார். ஏசியில் தூக்கம் வருகிறது என்பார். இங்கே எல்லோரும் தூங்கத்தானே வருகிறார்கள் என்று கேட்டால் சிரிப்பார்.

தூங்காமல் மேலேயே பார்த்துக்கொண்டிருக்கிற ஒருவனை அவர் நாலு நாள் கவனித்தார். ஐந்தாம் நாள் பக்கத்தில் வந்து, "மேலே என்ன?" என்று தெளிவான, எளிய இங்கிலீஷில் கேட்டார்.

யாரிடமும் சொல்லாததை அம்மையப்பன் அந்த வெள்ளைக்காரரிடம் சொன்னான். தெரியாத பாஷையில் சொல்வது சுலபமாக இருந்தது. "மை பிரதர், சார். டெட். டெய்லி கமிங். சிட்டிங் தேர்."

கிழவர் சிரிக்கவில்லை. அண்ணாந்து தகரத்தைப் பார்த்தார். "எங்கள் நாட்டிலும் அப்படித்தான்," என்றார். "பழைய கதைகளில் செத்தவன் புகையாக, நிழலாக வரமாட்டான். உடம்போடு வருவான். உடம்பு ஊதி, நீலம் பாய்ந்து, எருதைவிடக் கனமாக. வந்து வீட்டுக் கூரைமேல் குதிரை ஏறினமாதிரி உட்கார்ந்து குதிகாலால் உதைப்பான். பழி வாங்கும்வரை போகமாட்டான்."

"யாரு பழி வாங்கணும் சார்?"

"சொந்தக்காரன். அண்ணன், தம்பி, மகன். ஆண்கள் சும்மா இருந்தால் பெண்கள் விடமாட்டார்கள். செத்தவனின் ரத்தம் காய்ந்த துணியைப் பத்திரமாக எடுத்துவைத்திருப்பார்கள். சும்மா இருக்கிறவனின் தோளில் கொண்டுவந்து போடுவார்கள்."

அம்மையப்பன் எழுந்து உட்கார்ந்தான். ஆலங்குடியிலிருந்து ஒரு காலத்திலும் வெளியே போகாத கனகாவுக்கும், பனி பெய்கிற தேசத்தில் என்றைக்கோ செத்துப்போன பெண்களுக்கும் ஒரே யோசனை எப்படி வந்தது? துக்கம் முற்றினால் எந்த ஊரிலும் அந்த யோசனைதான் வரும்போல.

"பழி வாங்கிட்டா போயிருமா?"

"ஒருத்தன் போவான். அந்தப் பக்கம் ஒருத்தன் எழுந்து வருவான்," என்றார் ஒலாவ். தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தார். "ஆனால் அந்தக் காலத்துச் சட்டத்தில் ஒன்று உண்டு. எனக்கு அது பிடிக்கும். ஒருத்தனைக் கொன்றவன், அன்றே பக்கத்து வீட்டில் போய், நான்தான் கொன்றேன் என்று சொல்லிவிட வேண்டும். முதல் வீடு செத்தவனின் சொந்தக்காரன் வீடாக இருந்தால் பயம் இருக்கும், தாண்டிப் போகலாம். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது வீட்டைத் தாண்டக் கூடாது. சொல்லிவிட்டால் அவன் மனிதன். வழக்கு உண்டு, ஈடு உண்டு, சமாதானமும் உண்டு. மூன்றாவது வீட்டையும் தாண்டி வாயை மூடிக்கொண்டு போனால் அவன் மறைவுக் கொலைகாரன். அவனுக்கு ஒன்றும் கிடையாது. கொல்வதைவிட மறைப்பதுதான் அவர்களுக்கு இழிவு."

அம்மையப்பன் கணக்குப் பார்த்தான். முதல் வீடு, அன்றைக்கு விசாரணை நடந்த அறை. வாயைத் திறக்கவில்லை. இரண்டாவது கனகா. சரி ஆயி என்றான். மூன்றாவது, சிறையின் கண்ணாடி. காலைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு வந்தான்.

"சார், மூணாவது வீட்டையும் தாண்டிட்டவன் திரும்பிப் போய்ச் சொல்லலாமா?"

ஒலாவ் பாட்டிலை மூடிக் கீழே வைத்தார். அவருக்குப் புரிந்திருக்கும். "கதைகளில் யாரும் திரும்பிப் போனதில்லை," என்றார். "அதனால் எனக்குத் தெரியாது. ஆனால் நான் உன் இடத்தில் இருந்தால் இன்றே போவேன்."

அது வியாழக்கிழமை. இன்றே என்றால் இன்றே போயிருக்க வேண்டும். ஆனால் மதியத்துக்குப் பிறகு ஒரு கப்பல் இருந்தது. வெள்ளி, சனி பார்வையாளர் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் போகிறேன் என்று அம்மையப்பன் முடிவு செய்தான். முதலில் கையெழுத்து, பிறகு மீராசாவிடம் உண்மை, பிறகு போலீஸ். இந்தத் தடவை மனசு உறுதியாகத்தான் இருந்தது. வெள்ளியும் சனியும் அவன் ரூமில் சட்டைக்கு அடியில் படுத்துக்கொண்டு சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்தான். மீராசா, உன் கையில் தப்பில்லை. நீ மெதுவாகத்தான் இழுத்தாய். அந்த இரண்டு வாக்கியத்தைச் சொல்லிச்சொல்லிப் பார்த்ததில் பல நாளுக்குப் பிறகு அவனுக்குத் தூக்கம் வந்தது.

ஞாயிறு காலை குளித்து, இஸ்திரிச் சட்டை போட்டு, பவர் பத்திரத்தை எடுத்துக்கொண்டு டாக்சிக்கு நின்றபோது நஜீஹாவிடமிருந்து குரல் பதிவு வந்தது. அழுகை இல்லை. குரலில் எதுவுமே இல்லை.

"அண்ணே, ராத்திரி அவரு மௌத்தாயிட்டாரு. புண்ணு சீழ் புடிச்சு ரத்தத்துல ஏறிருச்சாம். டாக்டருங்க எம்புட்டோ பாத்தாங்களாம். இனி கையெழுத்து வேணாம்ணே. சொல்லணும்னு தோணுச்சு, சொல்லிட்டேன்."

டாக்சி வந்து நின்றது. எங்கே என்று டிரைவர் கேட்டான். அம்மையப்பனுக்கு எந்த இடமும் சொல்லத் தெரியவில்லை. பிறகு கம்பெனி ஆபீஸ் என்றான்.

ஆபீசில் ஆட்கள் விவகாரம் பார்ப்பவர் சாதிக் பாட்ஷா. வேலூர்க்காரர், கெட்டவர் இல்லை. அம்மையப்பன் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினான். டேப், வெட்டு, காலால் தள்ளிய பெல்ட், ஒன்று விடவில்லை. நாலு மாதம் வராத வார்த்தையெல்லாம் இப்போது தடையில்லாமல் வந்தது. பாட்ஷா எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"கலாஸ், எல்லாம் முடிஞ்சு போச்சு அம்மையப்பன்," என்றார். "காலைல லெட்டர் வந்துருச்சு. ஆளே போயிட்டான், ஃபைல மூடிட்டாங்க. நீ இப்ப இதத் தொறந்தா என்னாவும்? மொத்த சைட்டையும் நிறுத்துவான். நாப்பது பேரும் ஊருக்குப் போவணும். மீராசா எழுந்து வருவானா? உன் தம்பி வருவானா? நீ ஒண்ணும் சொல்லல, நான் ஒண்ணும் கேக்கல. போய்ப் படு."

"போலீசுல போய்ச் சொல்றேன் பாய்."

"எத வச்சு? பெல்ட்டு எங்க?"

பெல்ட் கடலில் இருந்தது. அம்மையப்பன் தன் காலைக் குனிந்து பார்த்தான்.

ஒலாவிடமாவது சொல்லலாம் என்று கிரேன் பக்கம் ஓடினான். ஒலாவ் சனிக்கிழமையே விமானம் ஏறிவிட்டார் என்றார்கள். அவர் வழக்கமாக உட்காருகிற கவிழ்த்த பெயிண்ட் டப்பா மட்டும் ஷெட் ஓரத்தில் கிடந்தது.

பன்னிரண்டரைக்குச் சைரன் ஊதியது. ஆட்கள் படுத்தார்கள். குறட்டை கிளம்பியது. அம்மையப்பன் ரூமுக்குப் போய்த் தம்பியின் சட்டையை எடுத்து வந்திருந்தான். அதை மடியில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து காத்திருந்தான்.

கிழக்கு ஓரத்தில் காலடி ஆரம்பித்தது. இடது காலை இழுத்து வருகிற நடை. நேர் மேலே வந்து நின்றது, தகரம் நெளிந்தது. இவ்வளவும் தினமும் நடப்பது. பிறகு மேற்கு ஓரத்தில் ஒரு சத்தம். செருப்பில்லாத கால். ஒன்றை ஊன்றி, மற்றதைக் கெந்தி, நின்று, மறுபடி கெந்தி வந்தது. தம்பிக்குப் பக்கத்தில் வந்து நின்று, அதுவும் உட்கார்ந்தது.

அவர்கள் இரண்டு பேரும் மேலே சண்டை போடவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அதுதான் அம்மையப்பனால் தாங்க முடியவில்லை. போனை எடுத்து கனகாவுக்குப் போட்டான்.

அவளுக்குச் செய்தி முன்னமே போயிருந்தது. "கேள்விப்பட்டேன் மாமா," என்றாள். இத்தனை மாதத்தில் அவள் குரலில் முதல்முறையாக ஓர் ஈரம். "சாமி கண்ணத் தொறந்துருச்சு. இன்னைக்குத்தான் எனக்கு ரெண்டு வாய் சோறு எறங்குச்சு. அந்தச் சட்டையை இனிமே தொவச்சுருங்க மாமா. கடல்ல வேணாலும் விட்டுருங்க."

"கனகா, அவன் கையில தப்பு இல்ல ஆயி."

"என்னா சொல்றீங்க?"

அவன் சொன்னான். ஆபீசில் சொன்னதைவிட மெதுவாக, அவளுக்குப் புரிகிறபடி, பச்சை டேப் என்றால் என்ன, மஞ்சள் டேப் என்றால் என்ன என்று ஆரம்பித்து, காலால் தள்ளியது வரைக்கும் சொன்னான். சொல்லி முடித்தபோது, இனி அவள் சபிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று காத்திருந்தான். அதற்காக ஏங்கினான் என்றே சொல்ல வேண்டும். யாராவது ஒருவர் அவனைத் தண்டித்தால் போதும் என்றிருந்தது.

கனகா சபிக்கவில்லை.

"அந்தப் பொண்ணு எனக்குப் போனு போட்டு அழுதுச்சு மாமா," என்றாள் கடைசியில். "அக்கா, அக்கான்னு சொல்லுச்சு. எம் புருசனக் கொன்னவன் பொண்டாட்டி எனக்குத் தங்கச்சியான்னு கேட்டுட்டு வெச்சேன். அப்ப நா யார மாமா கொன்னேன்?"

அவளும் போனை வைக்கவில்லை, அவனும் வைக்கவில்லை. இரண்டு பேரும் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மூன்றரைக்குச் சைரன் ஊதியது. ஆட்கள் அட்டையை மடித்துவிட்டு வெயிலுக்குப் போனார்கள். கூரைமேலிருந்து யாரும் எழுந்திருக்கவில்லை.